கதவில்லாத பள்ளிக்கூடம்

1

காலண்டர் சீசன் முடிந்து கை ஓய்ந்த நேரத்தில் சிவகாசியிலிருந்து மாரிச்சாமி கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருக்கிறான். நலம் விசாரிப்பதற்கெல்லாம் அவனுக்கு நேரம் கிடையாது. நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஏலே குமாரு, உம்பிள்ளைய எந்த ஸ்கூல்லலே சேத்திருக்க?"

"காட்டுல."

"காட்டுலயா? மாடு மேய்க்கவாலே?"

"மாடு இல்லலே. மரந்தான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் கவலையில் இருந்தான். பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் வகுப்பறைக்கு ஏ.சி. உண்டாம். இன்னொன்றில் குதிரை ஓட்டச் சொல்லித் தருவார்களாம். மூன்றாவதில் பிள்ளைக்கு முன்னால் அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ. அதைக் கேட்டதிலிருந்து அவன் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை என்றான். "நீ வெளிநாட்டுல இருக்க. அம்புட்டையும் விசாரிச்சுத்தான் சேத்திருப்ப. பிள்ளைக்கு எது நல்ல இடம்னு எப்படிலே கண்டுபிடிக்க?"

விசாரித்தேனா! நான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடிய லட்சணத்தை போனில் சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அதுதான் இது. மாரிச்சாமி படிப்பானா என்று தெரியாது. பத்து வரிக்கு மேல் அவன் எதையாவது படித்தால் அது பார்ட்டி கொடுத்த ஆர்டராகத்தான் இருக்கும்.

2

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர். எனக்கு அச்சு இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. சிறுவயதில் சிவகாசியில் ஜெர்மன் மிஷின் வந்து இறங்கினால் தேர் பார்ப்பதுபோல் கூட்டம் கூடும். இன்று அந்த மிஷினின் வயிற்றுக்குள் கைவிட்டுத்தான் எனக்குப் பிழைப்பு. மனைவி ஜெயந்தி விருதுநகர்க்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். பள்ளிக்கூடம் தேடிய சமயத்தில் மகள் யாழினிக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்களே, அது யாழினிக்கென்றே சொல்லி வைத்தது. வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. பல் தேய்ப்பதற்கு ஒரு கதை, தேய்க்காமல் இருப்பதற்கு இரண்டு கதை. மாடிப்படி இறங்கித் தெருவில் கால் வைத்ததும் எல்லாம் நின்றுபோகும். பூங்காவில் மற்ற பிள்ளைகள் பெயர் கேட்டால் என் முழங்காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். ஜெர்மன் தெரியாததால் என்று முதலில் நினைத்தோம். பக்கத்து நகரத்திலிருந்து தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தபோது அவர்களிடமும் ஒரு சொல் பேசவில்லை. குழந்தை மருத்துவர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மருத்துவர் பொறுப்பார். எங்களால் முடியவில்லை. ஜெயந்தி மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கே மழலையர் பள்ளியில் இடம் கிடைப்பது தீபாவளிக்கு முந்தின நாள் ரயிலில் இடம் கிடைப்பது மாதிரிதான். வயிற்றில் இருக்கும்போதே பதிந்துவைக்கும் ஆட்கள் உண்டு. நாங்கள் பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, காது குத்தி, ஊருக்குப் போய் மொட்டை போட்டு வந்த பிறகுதான் அதைக் கேள்விப்பட்டோம். நகராட்சி அலுவலகத்தில் இருந்த அம்மாள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். மாதக்கணக்கில் காத்திருந்து கடைசியில் இரண்டு இடங்களிலிருந்து வந்து பார்க்கச் சொன்னார்கள். பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

முதல் இடம் புதுக் கட்டடம். கண்ணாடிச் சுவர், மெத்தென்ற தரை, பிள்ளைகள் உயரத்துக்கே கை கழுவும் தொட்டி. எங்களோடு வந்த மற்ற பெற்றோர்கள் நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டார்கள். சாப்பாட்டில் சர்க்கரை உண்டா, மதியம் எவ்வளவு நேரம் தூங்குவார்கள், சண்டை போட்டால் என்ன செய்வீர்கள். என் முறை வந்தது. நான் தெரிந்த ஜெர்மனைக் கூட்டிக் கேட்டேன்.

"இந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?"

தலைமை ஆசிரியை ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு திறந்து காட்டினார். வெளிப்பக்கம்தான். ஒவ்வொரு அறைக்கும் தோட்டத்துப் பக்கம் இன்னொரு கதவும் இருந்தது. என் மனம் அந்த இடத்திலேயே நிறைந்துவிட்டது.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடி செய்யும் கம்பெனியை நாங்கள் பயர் ஆபீஸ் என்போம். அங்கே பெரிய கட்டடம் இருக்காது. மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், சுற்றிலும் கதவுகள், எல்லாம் வெளியே திறப்பவை. தீப்பிடித்தால் ஒரே எட்டில் வெளியே போய்விட வேண்டும். என் அம்மா அப்படி ஒரு அறையில் உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்தித்தான் என்னைப் படிக்க வைத்தாள். லீவு நாட்களில் நானும் அங்கே பெட்டி ஒட்டப் போயிருக்கிறேன். இன்றுவரை கல்யாண மண்டபமானாலும் சினிமா தியேட்டரானாலும் உள்ளே போனதும் என் கண் கதவைத்தான் தேடும்.

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாழினி சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு பொம்மையைக்கூடத் தொடவில்லை. கிளம்பும்வரை அப்படியேதான் நின்றாள். பழகிவிடும் என்று ஜெயந்தியிடம் சொன்னேன்.

3

நான் படித்தது பால்வாடியில். சாத்தூர் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், சத்துமாவு வாசனை. டீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். ஆயா உருண்டை பிடித்துக் கொடுப்பார். அந்த உருண்டையின் ருசியை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது. ஒருமுறை இங்கே மாவு வறுத்து வெல்லம் போட்டுப் பிடித்துப் பார்த்தேன். யாழினி மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அந்த பஸ்ஸில் சில பிள்ளைகளும் ஏறும். ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை இருந்தது. அங்கே ஊஞ்சல் உண்டு, மத்தியானம் அம்மாக்கள் வந்து சோறு ஊட்டுவார்கள் என்றெல்லாம் அந்தப் பிள்ளைகள் வந்து பீற்றிக்கொள்ளும். என்னை மட்டும் அம்மா கூட்டிப் போனதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்து நான் ரோட்டில் நின்று அழுவேன். என்னைச் சுமையாக நினைத்துத்தான் விட்டுப் போகிறாள் என்று ரொம்ப நாள் மனதில் இருந்தது.

எப்போதாவது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கும். சோதனைக்கு வெடித்துப் பார்க்கும் சத்தம் வேறு, ஆபீஸில் விபத்து நடக்கும் அந்தச் சத்தம் வேறு. எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். ஆயா கையிலிருந்த மாவோடு ரோட்டுக்கு ஓடுவார். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று ஆட்கள் கத்துவது கேட்கும். டீச்சர் பாட்டை நிறுத்த மாட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடுவார். நாங்களும் கூடப் பாடுவோம்.

சாயங்காலம் அம்மா வந்து கூட்டிப் போவாள். அவள் கை வெள்ளி நிறத்தில் மின்னும். மருந்து. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "தொடாதேய்யா, நில்லு. அம்மா குளிச்சிட்டு வாரேன்" என்பாள். எந்தப் பிள்ளையும் மருந்துக் கையோடு இருக்கும் அம்மாவைத் தொடக்கூடாது. அதற்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சோற்றுச்சட்டி வைத்துக்கொண்டு போகும் ஒயர்கூடையின் ஒரு காதை என்னிடம் நீட்டுவாள். இன்னொரு காதை அவள் முந்தானையால் பிடித்துக்கொள்வாள். நடுவில் கூடை ஆட, நாங்கள் வீட்டுக்கு நடப்போம்.

4

இரண்டாவது இடத்துக்கு முகவரி கேட்டபோது, ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் என்று அங்கே ஒன்றும் இல்லை. சக்கரம் வைத்த ஒரு மரக்கூண்டு, மழைக்கு ஒதுங்க ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். பிள்ளைகள் நாள் முழுக்கக் காட்டில்தான். ஆசிரியை பிர்கிட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், நரைத்த முடி, ஆண்பிள்ளைக் குரல். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி நீ, வா, போ என்று பேசினார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. ஆசிரியையை நீ என்று சொன்னால் ஊரில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் கனவில் வந்து காதைத் திருகுவார்கள். டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

"கதவு எங்க இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று ஜெயந்தி காதோரம் கிண்டல் செய்தாள்.

யாழினி சேற்றில் ஒரு கால் வைத்தாள். இன்னொரு காலும் வைத்தாள். என் கையை விட்டுவிட்டாள். அதை நான் கவனிக்கவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. ஏனென்றால் நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கல் வட்டம். வட்டத்துக்குள் விறகு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள். என் மகள் நேரே அங்கே போய் ஒரு கட்டையில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எங்களுக்குக் கரண்ட் அடுப்பு. சாமி விளக்குக்கும் பேட்டரிதான். தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. வெடி ஊர்க்காரன் வீட்டில் வெடி கிடையாது என்று இங்கிருக்கும் தமிழர்கள் சிரிப்பார்கள்.

ஒரு பையன் விறகைக் கிளறினான். படபடவென்று பொறி கிளம்பியது. அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தது எதுவுமில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் இருந்தது. தூக்கி மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன்.

புஸ்ஸென்று புகை. புகை விலகியபோது எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சாம்பலுக்குள் உருளைக்கிழங்கு சுட வைத்திருக்கிறார்கள். அவை கரித்தண்ணீரில் மிதந்தன. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா, பூமி பிளக்காதா என்று நின்றேன்.

"அப்பா! ஏன் அணைச்ச? கெழங்கு வேகலப்பா! நீ மோசம்! பேட் அப்பா!"

காடே அதிர ஒரு குரல். யாழினி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கும் அது புரியவில்லை. ஆனால் எல்லாம் அவள் பக்கம்தான். ஒரு பையன் தலையாட்டி ஆமோதித்தான். ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிர்கிட் கோபப்படவில்லை. "வாளி அதற்காகத்தான் இருக்கிறது" என்றார். "ஆனால் அடுத்த முறை என்னைக் கேட்டுவிட்டு ஊற்று." பிறகு பிள்ளைகளில் பெரியவளைக் கூப்பிட்டு, தன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் பக்கத்திலேயே முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் காற்றுக்கு முதுகைக் காட்டி, குச்சியை உடம்பைவிட்டுத் தள்ளி உரசினாள். காய்ந்த சுள்ளி பற்றியது. யாழினி கை தட்டினாள். நான் காலி வாளியை நிரப்பத் தண்ணீர் தேடினேன்.

5

வீட்டுக்கு வந்து நான் சொன்னேன், முதல் இடமே சரி என்று.

ஜெயந்தி சாப்பாடு எடுத்து வைத்தபடியே கேட்டாள். "எதுனால?"

"அங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"கதவு ஒழுங்கா இருக்கு. நான் கேக்குறது பிள்ளைய. அவ எங்க வாயத் தொறந்தா, அதச் சொல்லுங்க."

ஜெயந்தி விருதுநகரில் டையும் ஷூவும் போட்டு இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். சேறும் தார்ப்பாயும் அவளுக்குத்தான் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். மூன்று நாள் இதே பேச்சு. நான் பத்துக் காரணம் அடுக்குவேன். அவள் அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். கடைசியில், "சரி, உங்க இஷ்டம். ஆனா அந்தக் காட்டுக்கு இனிமே போகப் போறதில்லன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாழினி வரவேற்பறையில் தலையணைகளை வட்டமாக அடுக்கி நடுவில் பென்சில்களைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆதரவாகப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். வேலையை விட்டுச் சில வருடங்களாகிறது. இப்போது சீரியல் பார்க்கும் நேரத்தில் கூப்பிட்டால்தான் கோபம் வரும். வந்தது. விஷயத்தைக் கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டாள்.

"தீ மூட்டுற பள்ளிக்கூடமா? உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வேண்டாம்யா, சாமி. வேற எடம் பாருங்க."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

"பிள்ளை ஏதோ எடத்துல வாயத் தொறந்தான்னு செயந்தி சொன்னாளே, அது அங்கனதானா?"

"உம். என்னத் திட்டுனா."

"நெசமாவா? ஆத்தா!" அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இருக்கன்குடி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்திருந்தேன்யா. பிள்ளை வாய் தொறக்கணும்னு."

"தீ வேண்டாம்ங்கற. நீ தீச்சட்டி தூக்கப் போற!"

"அது ஆத்தா தீயில்ல? அது சுடாது. அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காத." பிறகு நான் கேட்காமலே சொன்னாள். "உன்னய ஏன் பால்வாடில விட்டேன்னு நெனைக்க? ஆபீஸ்லயே பிள்ளைக ரூம் இருந்துச்சு. மத்தியானம் வந்து ஒரு வாய் ஊட்டிருக்கலாம். எல்லாரும் அங்கனதான விட்டாக. நான் விடலயே. நமக்கு ஒண்ணு ஆனா ஆயிட்டுப் போகுது, நீயாச்சும் ஊருல இருப்பேல்ல? நீ அப்போ பால்கூட மறக்கல. மொதல்ல கொஞ்ச நாளு நெஞ்சுல பால் கட்டிக்கிட்டு கைய அசைக்க முடியாது. அப்படியே உக்காந்து மருந்து செலுத்துவேன். நீ அந்நேரத்துக்கு என்ன செய்றியோன்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன்."

"இத ஏம்மா நீ சொன்னதே இல்ல?"

"சின்னப்பிள்ளைட்ட சொல்ற பேச்சாய்யா இது? சொன்னா நீ பயப்பட மாட்டியா?"

போனை வைத்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரப் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு போவது கண்ணுக்குள் ஓடியது. ரோட்டில் நின்று நான் அழுத ஒவ்வொரு நாளும் அவளும் பஸ்ஸுக்குள் அழுதிருப்பாள். அம்மா எனக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் பயம் முழுவதும் அவளிடம் இருந்தது. எனக்குக் கிடைத்தது வேப்பமரமும் உருண்டையும் பாட்டும். நான் யாழினிக்காகத் தேர்ந்தெடுக்க நினைத்த இடத்தில் நிம்மதி எனக்கு, வாயடைப்பு அவளுக்கு. அம்மா எனக்கு ஆதரவாகத்தான் பேசினாள். ஆனால் அவள் செய்த காரியம் ஜெயந்தி பக்கம் நின்றது.

மறுநாள் காலை, யாழினி வருவாள் என்று பிர்கிட்டுக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

6

முதல் நாட்களில் பெற்றோர் கூடவே இருந்து பிள்ளையைப் பழக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். நான் வாளிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் யாழினியே வந்து, "அப்பா, நீ வீட்டுக்குப் போ" என்றாள். போனேன். கடைத்தெருவில் காய் வாங்கினேன். நேரம் போகவே இல்லை. கடையில் யாரோ ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்ட சத்தத்துக்கு, எந்தப் பக்கம் என்று காட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே வானம் சுத்தமாக இருந்தது.

கூட்டிவரப் போனபோது என் கையில் காய்கறி இருந்த ஒயர்கூடை. ஊரிலிருந்து ஜெயந்தி பெட்டியில் அமுக்கிக் கொண்டுவந்தது. பிள்ளைகள் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தன. யாழினி எவளோ ஒருத்தியிடம் பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். கரிக்கட்டையால் படம் வரைந்திருக்கிறார்கள். முகத்தில் கரி, மூக்கில் கரி, இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேல். என்னைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தொடாதேம்மா, நில்லு!"

என் வாயிலிருந்துதான் வந்தது. குரல் என்னுடையதாக இல்லை. இரண்டு கையும் தாமாகவே மேலே போயிருந்தன. ஒரு கையில் கூடை தொங்கியது.

அவள் நின்றாள். விரித்த கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பேச்சு நின்றுவிட்டதோ என்று பயந்தேன். நான் கையை இறக்கியதும், கூடை தூக்க உதவி செய்கிறவள்போல அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காது என் கையில் இருந்தது. நடுவில் கூடை ஆட, நாங்கள் கொஞ்ச தூரம் அப்படியே நடந்தோம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்றேன். கூடையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"கையக் குடு."

"கரிப்பா."

"கரிதானே. குடு."

கொடுத்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் கையை விடவே இல்லை.